குழலைத் தொடாத மவுண்ட்: ரைபிள் குரோனோகிராஃபுக்கு நாமே செய்யும் தாங்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து ரைபிள் கிளப்புகளில் பயிற்சி செய்பவர்கள் குரோனோகிராஃப் வாங்கியதும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உரிமத்துடன் கூடிய .22 போட்டி ரைபிள், 10 மீட்டர் ஏர் ரைபிள் ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

குரோனோகிராஃப் என்ன செய்கிறது?

குழல்வாயைவிட்டு வெளியேறும் குண்டின் வேகத்தை அளக்கிறது. இங்கே முக்கியமாகப் பேசுவது குழல்வாய்க்குக் கீழே நீண்டு நிற்கும் பயனெட் வகைக் கருவியைப் பற்றி. அதில் முன்னும் பின்னுமாக இரண்டு சென்சார்கள் இருக்கும். முதலாவதைக் கடந்த நேரத்துக்கும் இரண்டாவதைக் கடந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும்.

.22 ரைபிளில் போட்டிகளுக்குப் பயன்படும் தோட்டாவின் குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். வேகம் வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரை. ஒரே பெட்டியில் இருக்கும் தோட்டாக்களுக்குள் இந்த வேகம் எவ்வளவு மாறுகிறது என்று அறிவதற்குத்தான் இந்தப் பாடு. வினாடிக்கு 10 மீட்டர் குறைந்தால் 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். 50 மீட்டர் இலக்குத் தாளில் ஒரு வளையத்தின் அகலமும் 8 மில்லிமீட்டர்தான். உங்கள் கையும் மூச்சும் சரியாக இருந்தும் ஒரு புள்ளி போய்விடலாம் என்று அர்த்தம்.

கருவியோடு ஒரு பட்டை வருகிறதே, அதை வைத்துக் குழலிலேயே கட்டிவிட்டால் என்ன?

கட்டலாம். வேகம் சரியாகவே வரும். ஆனால் அந்தச் சமயத்தில் இலக்கில் விழும் துளைகளை நம்ப முடியாது.

சுடும்போது குழல் அசையாமல் நிற்பதில்லை. ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை காற்றில் நிற்கும் கம்பி அது. ஊசி தோட்டாவைத் தட்டிய கணத்திலிருந்து அதிர்கிறது. குண்டு வெளியேறும் நொடியில் குழல்வாய் மேலே நோக்கியிருக்கிறதா, கீழே நோக்கியிருக்கிறதா என்பதும் குண்டு போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிக்கிறது. குழலின் நுனியில் கொஞ்சம் எடை கூடினாலும் அந்த அதிர்வின் வேகமும் வீச்சும் மாறிவிடும். .22 ரைபிள்களில் டியூனர் என்று குழல்வாயில் ஓர் எடையை வைத்து, அதைத் திருகித் திருகிச் சரிசெய்கிறார்களே, அது முழுக்க முழுக்க இந்த விளைவை நம்பியே இயங்குகிறது. சில கிராம் எடையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் குழுமம், அதாவது தாளில் துளைகள் சேர்ந்து விழும் கூட்டம், மாறுகிறது என்றால், கருவி முழுவதையும் பட்டை போட்டு இறுக்கித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நன்றாக அமைந்த ரைபிளில், வேகம் சற்றுக் குறைந்த குண்டு, குழல்வாய் சற்று மேல்நோக்கி இருக்கும்போது வெளியேறும். கூடுதலாக இறங்க வேண்டிய தூரத்தை அந்தச் சாய்வு ஈடுகட்டிவிடும். முந்தைய பதிலில் சொன்ன 8 மில்லிமீட்டர் இழப்பு உங்கள் ரைபிளில் முழுவதும் நிகழ்கிறதா, பாதியோடு நிற்கிறதா என்பதை, வேகத்தையும் துளையையும் ஒரே சுடுதலில் சேர்த்துப் பார்த்தால்தான் அறிய முடியும். குழலில் கருவியைக் கட்டினால் வேகம் கிடைக்கிறது, துளை கெடுகிறது. கருவியைக் கழற்றினால் துளை கிடைக்கிறது, வேகம் இல்லை. குழலைத் தொடாத மவுண்ட் ஒன்றுதான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். இத்தனை மெனக்கெடுவது இதற்காகத்தான்.

எல்லா வகைக் குரோனோகிராஃபுக்கும் இது தேவையா?

இல்லை. குழல்வாய்க்குக் கீழே ஈட்டிபோல் நீண்டு, குண்டு தன் மேல் கடக்கும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பிடிக்கும் பயனெட் வகைக் கருவிகளுக்குத்தான் மவுண்ட் வேண்டும். மேக்னெட்டோஸ்பீடு இந்த வகையில் பலரும் அறிந்தது.

ஒளித்திரை வகைக் கருவி தனியாக ஸ்டாண்டில் நிற்கும். குழலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அதைச் சுடும் கோட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை சரிசெய்யவும் ரேஞ்சில் எல்லோரும் சுடுவதை நிறுத்தியாக வேண்டும். மேகம் மறைத்தாலும் வெயில் சாய்ந்தாலும் அளவு தவறும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை வழியெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் இலேசான மூன்றுகால் ஸ்டாண்ட் எந்த மூலைக்கு? ரைபிளோடு சேர்ந்தே நிற்கும் கருவிக்கு இந்தக் கவலை கிடையாது.

கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ரைபிளைக் கொண்டுபோய்க் காட்டி அளவெடுத்துச் செய்யச் சொல்லலாமா?

கூடாது. ரைபிள் பட்டறைக்குப் போகவே கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ உள்ள டர்னர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த உரிமம் அவரிடம் இருக்காது. தெரியாத்தனமாக அவரையும் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது சுலபம். கிளப்பிலேயே வெர்னியரால் ரைபிளின் முன்கட்டைக்கு அடியில் ஓடும் ரெயிலை அளந்து தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். ரெயிலில் பொருந்தும் கைத்தடுப்பு, அதாவது முன்கை முட்டி நிற்கும் சிறு பாகம், தனியாகக் கழன்று வரும். அதை மாதிரியாகக் கொண்டுபோனால் அளவு பிசகாது. பட்டறைக்குப் போவது மவுண்டின் பாகங்கள் மட்டுமே. ரைபிளில் துளை போடுவது, மரை வெட்டுவது, எதையாவது ஒட்டுவது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ரெயிலில் பிடித்து, கழற்றினால் தடமே இல்லாமல் வந்துவிட வேண்டும்.

எந்த இடத்தில் பிடிப்பது?

போட்டி ரைபிள்களின் முன்கட்டைக்கு அடியில் நீளவாக்கில் ஓர் அலுமினிய ரெயில் ஓடும். வாரும் கைத்தடுப்பும் மாட்டுகிற அந்த ரெயில்தான் நமக்குச் சரியான இடம். அதன் உள்ளே நுழைகிற டி வடிவக் கட்டை ஒன்றும், இரண்டு ஆலன் போல்ட்டுகளும் போதும். இரண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே போல்ட்டில் நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் மவுண்ட் பக்கவாட்டில் திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. குண்டு போகும் பாதைக்கு அடியில் நிற்கிற பொருள் திரும்பக் கூடாது.

குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பிக்கட்டின்னி ரெயில் உள்ள ரைபிள் என்றால் வேலை இன்னும் எளிது. அதன் அளவுகள் நிலையானவை: மேலகலம் 21.2 மில்லிமீட்டர், பள்ளத்தின் அகலம் 5.23, ஒரு பள்ளத்திலிருந்து அடுத்தது 10.01 மில்லிமீட்டர். ஆயத்தமான கிளாம்ப்பே கடையில் கிடைக்கும்.

ரெயில் இல்லாத பழைய மரக்கட்டை ரைபிளில் இரண்டு பட்டைகளைக் கட்டைமேல் சுற்றிப் பிடிக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை குழலையும் சேர்த்து அணைத்துவிட்டால் குழலைத் தொடாத மவுண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கரத்துக்கு எந்தப் பொருள், எவ்வளவு தடிமன்?

ரெயில் கட்டையிலிருந்து முன்னால் நீண்டு கருவியைத் தாங்கும் கரத்துக்கு அலுமினிய ஃபிளாட். 25-க்கு 6 மில்லிமீட்டர் அளவு எல்லா இரும்புக் கடை வரிசையிலும் அலுமினியம் விற்கும் இடத்தில் கிடைக்கும். கவனிக்க வேண்டியது அதை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது. பலரும் பட்டையைப் படுக்கையாக வைத்துத் துளை போடுகிறார்கள், போல்ட் போட வசதி என்பதால். அதே பட்டையைச் செங்குத்தாக, 25 மில்லிமீட்டர் பக்கம் மேல்கீழாக வரும்படி நிறுத்தினால் வளையாமல் நிற்கும் திறன் 17 மடங்கு கூடும். 300 கிராம் எடையை 300 மில்லிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் படுக்கைவாட்டில் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தொய்யும். செங்குத்தாக நிறுத்தினால் 0.05 மில்லிமீட்டர்தான். பொருள் ஒன்று, விலை ஒன்று, வேறுபாடு இவ்வளவு!

நீளத்தைக் குறைக்க முடிந்த அளவுக்குக் குறையுங்கள். தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. அதனால் ரெயிலின் முன்நுனிக்கு எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பிடியுங்கள்.

இரும்பு வேண்டாம். எடை ஒருபுறம் இருக்க, காந்தப்புலத்தை வைத்து வேலை செய்யும் சென்சாருக்கு அருகில் அதிரக்கூடிய இரும்புத் துண்டு இருப்பது பொய்யான அளவுகளை வரவழைக்கலாம். அலுமினியமே ஆனாலும் கரம் கருவியின் பின்பகுதியோடு நின்றுவிட வேண்டும். சென்சார்கள் இருக்கும் பகுதியைச் சுற்றி எந்த உலோகமும் வரக்கூடாது. போல்ட்டுகளுக்கு எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) அல்லது பித்தளை போதும்.

முப்பரிமாண அச்சில் எடுத்தால் என்ன?

கருவியின் பின்பகுதியைக் கவ்விப் பிடிக்கும் தொட்டிலை மட்டும் அச்சில் எடுங்கள், அந்த வளைவுகளை மில்லிங்கில் கொண்டுவருவது வீண் செலவு. ஆனால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரி சூட்டை ஒட்டி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் இருந்தால் அது வடிவத்தை இழந்துவிடலாம். பி.இ.டி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். எடுங்கள். ரெயிலைக் கவ்வும் கட்டையும் கரமும் உலோகமாகவே இருக்கட்டும்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்க என்ன ஏற்பாடு?

கரத்தின் முன்நுனியில் செங்குத்தாக ஒரு நீள்துளை. தொட்டிலின் இரண்டு எம்6 போல்ட்டுகளும் அந்தத் துளையில் மேலும் கீழும் நகரும். பக்கவாட்டுக்கு, ரெயில் கட்டைக்கும் கரத்துக்கும் நடுவே மெல்லிய வாஷர்கள். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ரைபிளின் மரக்கட்டை உரசும் இடத்தில் மட்டும் வைக்கலாம். ரெயிலுக்கும் உலோகக் கட்டைக்கும் நடுவில் ரப்பர் வைக்காதீர்கள், நாள்பட நாள்பட அமுங்கி இறுக்கம் தளரும்.

இறக்கை நட் பார்க்க வசதியாக இருக்கும். விரலால் இறுக்கியது விரலளவுக்கே பிடிக்கும். ஆலன் போல்ட்டும் நைலாக் நட்டும் போடுங்கள்.

கருவியைக் குண்டின் பாதைக்கு நேராக நிறுத்துவது எப்படி?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை முழுவதும் படியுங்கள்.

முதலில் மேகசினைக் கழற்றுங்கள். ரைபிளின் போல்ட்டை, அதாவது குழலின் பின்புறத்தை அடைக்கும் பாகத்தை, முழுவதுமாக வெளியே எடுத்துத் தள்ளி வையுங்கள். பின்புறமிருந்து குழலுக்குள் பார்த்து வெளிச்சம் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். குழல்வாய் இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சுடுவதை நிறுத்திய நேரத்தில்தான் குழல்வாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து, 5 மில்லிமீட்டர் நைலான் குச்சி ஒன்று. .22 குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர் என்பதால் அது தாராளமாக நுழையும். குழல்வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே போக வேண்டும், மீதி கருவியின் முழு நீளத்துக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரும்புக் கம்பியோ பித்தளையோ வேண்டாம், குழல்வாயின் விளிம்பில் விழும் சின்னக் கீறலும் துல்லியத்தைக் கெடுக்கும். குச்சியின் வெளிமுனையில் ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். குச்சி குழலுக்குள் மறந்துபோய் நிற்க, அப்படியே சுட்டால் குழல் வெடிக்கலாம், உயிருக்கே ஆபத்து. சிவப்புத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போது யாரும் மறக்க மாட்டார்கள்.

இப்போது குச்சியின் அடிப்பக்கத்துக்கும் கருவியின் மேற்பரப்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டு சென்சார்களின் மேலும் அளந்து பாருங்கள். பயனெட் வகைக்குப் பொதுவாக 6 மில்லிமீட்டர் அளவு இடைவெளி வைப்பார்கள். உங்கள் கருவியின் கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு. 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டு நல்ல அளவுகோல்: முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி இலேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். மேலிருந்து பார்த்தால் குச்சி கருவியின் நடுக்கோட்டில் ஓட வேண்டும்.

பம்ப் செட் ஷாஃப்டை டயல் கேஜ் வைத்து நேர் பார்த்துப் பழகிய ஃபிட்டர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிப் புரியவைக்கவே தேவையில்லை. இரண்டு இடத்தில் அளக்காமல் எதையும் நேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போல்ட்டுகளை இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும். பிறகு குச்சியை எடுத்து மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். பின்புறமிருந்து குழலுக்குள் மீண்டும் ஒரு முறை பாருங்கள். அதன் பிறகுதான் ரைபிளின் போல்ட்டை மாட்ட வேண்டும்.

கொஞ்சம் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகுமா?

அளவு தப்பாவதைவிடக் கருவி உடைவதுதான் முதலில் நடக்கும். 2 டிகிரி சாய்வால் வேகக் கணக்கில் வரும் பிழை 0.06 சதவீதம். 325 மீட்டர் வேகத்தில் அது 0.2 மீட்டர், கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் 200 மில்லிமீட்டர் நீளமுள்ள கருவியின் முன்முனை அதே 2 டிகிரியில் 7 மில்லிமீட்டர் மேலே ஏறிவிடும். நீங்கள் விட்ட இடைவெளியோ 6 மில்லிமீட்டர். குண்டு நேராகக் கருவியில் போய் மோதும். மோதிய குண்டு எந்தப் பக்கம் சிதறும் என்று சொல்ல முடியாது. திரையில் எண்கள் ஒழுங்காக வருகின்றன என்பது நேராக இருப்பதற்குச் சான்று ஆகாது. முதல் சில சுடுதல்களுக்குப் பிறகும், ஒவ்வொரு பத்து சுடுதலுக்குப் பிறகும் குச்சியை வைத்துப் பாருங்கள்.

மவுண்ட் குழலைத் தொடவில்லை என்று எப்படி உறுதிப்படுத்துவது?

ஒரு ரூபாய்த் தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்து, முன்நுனியிலிருந்து பின்னால் வரை இழுத்துப் பாருங்கள். மவுண்டை மாட்டாமல் ஒரு முறை, மாட்டி ரைபிளைச் சுடும் மேசையிலுள்ள தாங்கியில் வைத்த பிறகு ஒரு முறை. இரண்டிலும் தடையில்லாமல் ஓட வேண்டும். சில பிளாஸ்டிக் முன்கட்டைகள் எடை ஏறியதும் வளைந்து குழலில் சாயும். மாட்டும் முன் தாள் ஓடியது என்று விட்டுவிட்டால் இது தெரியாமலே போகும். கருவியின் கேபிளையும் குழலில் சுற்றாதீர்கள், கட்டையோரமாகக் கொண்டுவந்து டேப் போடுங்கள்.

உண்மையான சோதனை தாளில்தான். ஒரே பெட்டித் தோட்டாவில், மவுண்ட் இல்லாமல் பத்து, மவுண்டுடன் பத்து, மறுபடி இல்லாமல் பத்து. குழுமங்களின் நடுப்புள்ளி நகரவில்லை, அளவும் பெருக்கவில்லை என்றால் தேறியது. எடை கூடியதால் ரைபிள் மேசைத் தாங்கியில் உட்காரும் விதம் மாறி, நடுப்புள்ளி சற்று நகர்வது உண்டு. அதைச் சமாளிக்கலாம். குழுமத்தின் வடிவமே மாறினால் எங்கோ தொடுகிறது, தேடுங்கள்.

எத்தனை சுட்டால் எண்களை நம்பலாம்?

ஐந்து போதாது. சராசரி ஓரளவு தெரியும், திட்ட விலக்கம், அதாவது வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, வெறும் ஊகமாகவே இருக்கும். குறைந்தது இருபதாவது வேண்டும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. சுடச்சுட அந்த எண் பெருகத்தான் செய்யும், குறையாது. பத்து சுட்டதையும் முப்பது சுட்டதையும் அதை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். தோட்டா சூடேறினால் பொதுவாக வேகம் கூடும். காலை ஏழு மணிக்கு எடுத்த அளவையும் மேசைமேல் வெயிலில் கிடந்த பெட்டியோடு மதியம் எடுத்த அளவையும் ஒரே வரிசையில் எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

ஏர் ரைபிளுக்கும் இதே மவுண்ட் உதவுமா?

கரமும் ரெயில் கட்டையும் உதவும். ஆனால் எல்லா பயனெட் கருவியும் ஏர் ரைபிளின் குண்டான பெல்லட்டைப் பிடிக்காது, வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள். ஏர் ரைபிளுக்குக் குழாய்போல் இருக்கும் சிறிய ஒளிச்சென்சார் கருவிகள் பொருத்தமானவை. போட்டி ஏர் ரைபிள் சுமார் 0.53 கிராம் பெல்லட்டை வினாடிக்கு 170 மீட்டர் சுற்றில் அனுப்புகிறது, ஆற்றல் 8 ஜூல் அளவு. வேகம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரையோ சீல்களையோ கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. குழலுக்கு அடியில் இருக்கும் காற்று சிலிண்டர் பார்ப்பதற்குப் பிடிக்கத் தோதான உருளையாகத் தெரியும். அதில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. கிளாம்ப் போடாதீர்கள், பட்டை கட்டாதீர்கள், கீறக்கூட வேண்டாம். மவுண்ட் ரெயிலில் மட்டுமே.

ரேடார் வகைக் கருவி வந்துவிட்ட பிறகும் இதற்கு அவசியம் உண்டா?

ரேடார் மேசையில் ரைபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே அளந்துவிடும், குழலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளப்பில் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது விலை அதிகம். பயனெட் கருவி ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு ஓர் அலுமினியப் பட்டையும் நாலு போல்ட்டும் ஒரு நாள் பட்டறை வேலையும் அதே பயனைத் தரும். பக்கத்து மேசைகளில் பலர் சுடும்போது ரேடார் அடுத்தவர் குண்டையும் பிடித்துக் குழப்பக்கூடும். பயனெட் தன் தலைக்கு மேல் போகும் குண்டை மட்டுமே எண்ணும்.